படம் வருகிறது, பாட்டு வரவில்லை: லினக்ஸில் எச்டிஎம்ஐ ஒலி எங்கே அறுந்துபோகிறது?

போன மார்கழியில் ஒரு சாயங்காலம் பெரம்பூரிலிருந்து பெரியப்பா போன் செய்தார். "பாடகர் வாயசைக்கிறது டிவியில நல்லா தெரியுது. பாட்டு மட்டும் லேப்டாப்ல இருந்துதான் வருது. ஒரு நடை வந்து பாரேன்ப்பா." முழங்கால் வலியால் சபாவுக்குப் போவதை அவர் நிறுத்தி சில வருடங்கள் ஆகின்றன. இணையத்தில் வரும் கச்சேரிகள்தான் இப்போது அவருக்கு டிசம்பர் சீசன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய லேப்டாப், உள்ளே லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம், அதிலிருந்து ஹாலில் இருக்கும் டிவிக்கு ஒரு எச்டிஎம்ஐ கேபிள்.

நான் போவதற்கு முன்பே பக்கத்து வீட்டுப் பையன் வந்து பார்த்திருக்கிறான். "சவுண்ட் டிரைவர் போயிருக்கு தாத்தா" என்று சொல்லி, ஒலி சம்பந்தமான மென்பொருளை எல்லாம் நீக்கிவிட்டு மறுபடி நிறுவியிருக்கிறான். ஒன்றும் நடக்கவில்லை. காபி குடிக்கும்போது பெரியப்பா பேச்சுவாக்கில் இரண்டு விஷயம் சொன்னார். "கேபிளைச் சொருகிட்டு அப்புறம்தான் லேப்டாப்பை ஆன் பண்ணணும். பின்னாடி சொருகினா டிவியில படமே வராது, அது எனக்குப் பழகிடுச்சு." இரண்டாவது, திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டன் இந்த லேப்டாப்பில் எப்போதுமே வேலை செய்ததில்லை. இதற்கும் பாட்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று அவர் நினைத்திருந்தார். அந்த இரண்டு வாக்கியங்களுக்குள்தான் முழு பதிலும் இருந்தது.

எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் போன்ற திரை இணைப்புகள் வழியாகப் போகும் ஒலிக்குத் தனி வழி கிடையாது. படம் போகும் அதே பாதையில், படத்தைக் கட்டுப்படுத்துகிற அதே கிராபிக்ஸ் டிரைவர் அனுமதித்தால்தான் அது போகும். அதனால் டிவியில் சத்தம் வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது படத்தின் பக்கத்தை. நிறையப் பேர் ஒலி மென்பொருளைப் பிரித்துப் போட்டுப் பல மணி நேரத்தை இழப்பதற்குக் காரணம், இந்த ஒரு விஷயம் யாரும் சொல்லித் தெரியாததுதான்.

எப்படி ஒரே பாதையில் இரண்டும் போகின்றன என்று பார்க்கலாம். முழு எச்டி திரையில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள் என்று நமக்குத் தெரியும். ஆனால் கேபிளில் ஒரு சட்டகத்துக்குப் போவது குறுக்கே 2200, நெடுக்கே 1125 இடங்கள். பழைய பிக்சர் டியூப் டிவிகளில் ஒரு வரியை வரைந்து முடித்த எலெக்ட்ரான் கற்றை அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் திரும்ப அவகாசம் தேவைப்பட்டது. அந்த இடைவெளி எல்இடி காலத்திலும் தொடர்கிறது. மொத்த இடங்கள் 24,75,000. படத்துக்குப் பயன்படுபவை 20,73,600. மீதமுள்ள நாலு லட்சத்துச் சொச்சம் இடங்களில் படம் இல்லை. 2002 டிசம்பரில் எச்டிஎம்ஐயின் முதல் வரையறை வந்தபோது, ஒலியைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி இந்த வெற்று இடங்களில் அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். 1999-ல் வந்த டிவிஐ இணைப்பிலும் இதே இடைவெளி இருந்தது, ஆனால் அது படத்துக்கு மட்டுமான வரையறை. இன்றைக்கும் ஒரு டிவியை டிவிஐ என்று கம்ப்யூட்டர் தவறாகப் புரிந்துகொண்டால், அந்த இடைவெளி காலியாகவே போகும். படம் அழகாக வரும், சத்தம் வராது.

தாளத்தைக்கூட ஒலி படத்திடமிருந்துதான் வாங்கிக்கொள்கிறது. ஒலிக்கான கடிகாரத் துடிப்பு கேபிளில் தனியாகப் போவதில்லை. முழு எச்டியில் படத்தின் துடிப்பு வினாடிக்கு 14.85 கோடி. அதை 6144-ஆல் பெருக்கி 1,48,500-ஆல் வகுத்தால் 61,44,000 வரும். இது 48 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் வேகத்தைப் போல் சரியாக 128 மடங்கு. 6144, 1,48,500 என்ற இரண்டு எண்களை மட்டும் லேப்டாப் அனுப்பிவிடும். டிவி தனக்கு வரும் படத்தின் துடிப்பை வைத்துக் கணக்குப் போட்டு ஒலியின் வேகத்தைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். மிருதங்கக்காரர் கை வைப்பதைப் பார்த்துக்கொண்டே வயலின்காரர் காலப்பிரமாணத்தைப் பிடிப்பதைப் போல.

சரி, எதிரில் இருப்பது டிவிஐயா எச்டிஎம்ஐயா, அதற்குக் காது உண்டா என்று லேப்டாப்புக்கு எப்படித் தெரியும்? திரை தானே சொல்லும். ஒவ்வொரு மானிட்டரிலும் டிவியிலும் ஈடிஐடி என்று ஒரு சிறு தகவல் சீட்டு இருக்கிறது. அடிப்படைச் சீட்டு 128 பைட். எச்டிஎம்ஐ சாதனங்களில் இன்னொரு 128 பைட் இணைப்புச் சீட்டும் இருக்கும். 'நான் எச்டிஎம்ஐ', 'எனக்கு ஒலி வரும்', 'இரண்டு சேனல்', 'இன்னின்ன வேகங்கள்' என்பதெல்லாம் அந்த இரண்டாவது சீட்டில்தான் எழுதியிருக்கும். எச்டிஎம்ஐ கேபிளின் 19 ஊசிகளில் 15, 16 இரண்டும் இந்தச் சீட்டைப் படிப்பதற்கு. 19-வது ஊசி, யாரோ சொருகியிருக்கிறார்கள் என்று லேப்டாப்புக்குச் சொல்லும்.

சீட்டைப் படிப்பவர் கிராபிக்ஸ் டிரைவர். ஒலி டிரைவரால் அதை நேரடியாகப் படிக்க முடியாது. கிராபிக்ஸ் டிரைவர் படித்து, ஒலிக்கு வேண்டிய பகுதியை மட்டும் சுருக்கி இஎல்டி என்ற பெயரில் ஒலி டிரைவரிடம் கொடுக்கும். அதை வாங்கிப் பார்த்துத்தான் ஒலி டிரைவர் 'எனக்கு இப்படி ஒரு டிவி கிடைத்திருக்கிறது' என்று மேலே இருந்து ஒலியைப் பங்கிடும் நிரலுக்கு, அதாவது பைப்வயருக்கோ பல்ஸ் ஆடியோவுக்கோ அறிவிக்கும். நாம் செட்டிங்ஸில் பார்க்கும் பட்டியலுக்கு அந்த அறிவிப்புதான் கடைசியில் வந்து சேருகிறது.

இந்தச் சங்கிலியில் முதல் கண்ணி அறுந்தால் மற்றவை எதுவும் பேசாது. பெரியப்பா வீட்டில் நடந்தது அதுதான். லினக்ஸ் நிறுவும்போது சில கம்ப்யூட்டர்களில் திரை கறுப்பாகிவிடும். அப்போது 'நோமோட்செட்' என்ற சொல்லைத் துவக்க வரியில் சேர்த்துத் தற்காலிகமாகச் சமாளிப்பார்கள். கிராபிக்ஸ் டிரைவர் திரையைக் கையில் எடுக்காமல் ஒதுங்கிக்கொள்ளும், ஆன் செய்ததும் முதலில் ஓடும் பயாஸ் வரைந்து வைத்த திரையிலேயே வண்டி ஓடும். நிறுவி முடித்ததும் அதை நீக்கிவிட வேண்டும். அந்த லேப்டாப்பை விற்றவர் நீக்காமலே கொடுத்துவிட்டார்.

இப்போது அந்த இரண்டு வாக்கியங்களுக்குத் திரும்பலாம். திரையைப் பயாஸ்தான் வரைகிறது என்பதால், ஆன் செய்யும் நேரத்தில் கேபிள் இருந்தால் மட்டும் டிவியையும் சேர்த்துக்கொள்ளும். பின்னால் சொருகினால் கவனிக்க ஆள் இல்லை. வெளிச்சத்தைக் குறைப்பதும் கிராபிக்ஸ் டிரைவரின் வேலை, அதனால் அந்தப் பட்டனும் செத்துக் கிடந்தது. சத்தம் மூன்றாவது பலி.

2013-ல் வந்த இன்டெல்லின் நான்காம் தலைமுறையில், ஹாஸ்வெல் என்று சொல்வார்களே, அதில் இந்தச் சார்பு இன்னும் இறுக்கம். எச்டிஎம்ஐக்கான ஒலிப் பகுதிக்கு மின்சாரமே கிராபிக்ஸ் பகுதியிலிருந்துதான் வர வேண்டும். கிராபிக்ஸ் டிரைவர் இல்லையென்றால் அந்த ஒலிப் பகுதி எழுந்திருக்கவே முடியாது. பெரியப்பாவின் லேப்டாப்பும் அந்த வகைதான். அதில் 'டிமெசேஜ்' கட்டளை போட்டு, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் பதிவுகளைப் பார்த்தபோது ஒரு வரி தெளிவாகச் சொன்னது: ஹாஸ்வெல்லின் எச்டிஎம்ஐ ஒலிக்கு கிராபிக்ஸ் டிரைவரோடு பிணைப்பு தேவை. இவ்வளவு நேரடியாகக் கெர்னல் சொல்வது அபூர்வம். அந்த வரியை ஒருவர் படித்திருந்தால் ஒலி மென்பொருளை நீக்கி நிறுவியிருக்கவே மாட்டார்.

லேப்டாப்பைத் துவக்கிவைக்கும் நிரலுக்கு க்ரப் என்று பெயர். எட்சி அடைவுக்குள் டிஃபால்ட் என்ற அடைவில் இருக்கும் க்ரப் கோப்பைத் திறந்து அந்த ஒரு சொல்லை அழித்தேன். க்ரப்பைப் புதுப்பித்து, லேப்டாப்பை மறுபடி துவக்கினேன். கேபிளை வேண்டுமென்றே பிடுங்கி வைத்திருந்தேன். எல்லாம் ஏறிய பிறகு சொருகினேன். டிவியில் படம் வந்தது. வெளிச்சப் பட்டன் வேலை செய்தது. ஒலி செட்டிங்ஸில் டிவியின் பெயர் புதிதாக முளைத்திருந்தது. அதைத் தேர்ந்தெடுத்ததும் தம்புரா ஹாலில் நிரம்பியது.

எல்லா வீட்டிலும் காரணம் நோமோட்செட்டாக இருக்காது. ஆனால் சங்கிலி எங்கே அறுந்தது என்று கண்டுபிடிக்கும் முறை எங்கேயும் ஒன்றுதான். நான் கீழிருந்து மேலே போவேன். முதலில் 'ஏபிளே' கட்டளையோடு ஒரு கழித்தல் குறியும் சிறிய எல்லும் போட்டால், கெர்னலுக்குத் தெரிந்த ஒலிச் சாதனங்கள் எல்லாம் வரும். அதில் எச்டிஎம்ஐ என்ற பெயரே இல்லையென்றால் கிராபிக்ஸ் டிரைவரையோ, சாதனத்துக்குள் ஏற்றப்படும் சிறு நிரலான ஃபர்ம்வேரையோ பார்க்க வேண்டும். பெயர் இருந்தால் அடுத்து இஎல்டி. 'ப்ராக்' அடைவில் 'அசவுண்ட்' என்பதற்குள் ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு அடைவு இருக்கும். அதில் இஎல்டி என்று தொடங்கும் கோப்புகளைச் சாதாரண எழுத்துக் கோப்பைப் போலவே திறந்து படிக்கலாம். ஒரு போர்ட்டுக்கு ஒன்று என்று பல இருக்கும், பெரும்பாலானவை காலி. ஏதாவது ஒன்றில் மானிட்டர் இருக்கிறது என்பதற்கு 1, இஎல்டி செல்லும் என்பதற்கு 1, கீழே உங்கள் டிவியின் பெயர், அது ஏற்கும் ஒலி வகைகள் என்று இருக்கும். இந்தக் கோப்பில் டிவியின் பெயரைப் பார்த்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. கேபிள், சீட்டு, கிராபிக்ஸ் டிரைவர் மூன்றும் குற்றமற்றவை என்று தெரிந்துவிடும்.

அப்புறம் மேல்தட்டு எதையும் நம்பாமல் நேராகச் சத்தத்தை அனுப்பிப் பார்க்க 'ஸ்பீக்கர்-டெஸ்ட்' இருக்கிறது. இன்டெல் கார்டுகளில் எச்டிஎம்ஐ சாதனங்களின் எண்கள் பொதுவாக 3, 7, 8 என்று போகும். எந்த எண் உங்கள் போர்ட் என்பதை ஊகிக்க முடியாது, ஒவ்வொன்றாக முயல வேண்டும். அதன் சோதனை ஒலி டிவியில் கேட்டுவிட்டால், பிரச்சினை முழுக்க மேலே, பைப்வயர் அல்லது பல்ஸ் ஆடியோவில். கேட்காவிட்டால் 'அல்சாமிக்ஸர்' திறந்து எஸ்பிடிஐஎஃப் என்று போட்ட பெட்டிகளின் அடியில் எம்எம் என்று இருக்கிறதா பாருங்கள். அது வாய்ப்பூட்டு. எம் விசையை அழுத்தினால் திறந்துவிடும்.

இனி கேபிள் பக்கம். சென்னையில் இதைப் பேசினால் ரிச்சி தெருவுக்குப் போகாமல் இருக்க முடியாது. அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் இரண்டு பக்கமும் கொத்துக் கொத்தாகத் தொங்கும் அடாப்டர்கள். அங்கே ஒருமுறை எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் அடாப்டர் கேட்டேன். கடைக்காரர் நிமிராமலே கேட்டார்: "ஆடியோ வெச்சதா, வெக்காததா?" எத்தனையோ பேருக்கு விளங்காத கேள்வி அது. ஆடியோ இல்லாத அடாப்டர், பின்னால் இருக்கும் பழைய விஜிஏ மானிட்டரின் சீட்டையே லேப்டாப்புக்குக் காட்டும். அதில் ஒலி பற்றி ஒரு சொல்லும் இருக்காது. லேப்டாப்பும் ஒலியைத் தன் ஸ்பீக்கரிலேயே வைத்துக்கொள்ளும். யாருக்கும் குழப்பம் இல்லை. ஆடியோ வைத்த அடாப்டர் தன் பக்கவாட்டில் இருக்கும் ஹெட்ஃபோன் துளைக்காக 'எனக்கு ஒலி வரும்' என்று சொல்லும். லேப்டாப் நம்பி ஒலியை எல்லாம் அங்கே அனுப்பிவிடும். துளையில் ஒன்றும் சொருகாவிட்டால், இஎல்டி சரி, செட்டிங்ஸ் சரி, அறையில் மட்டும் நிசப்தம். புரொஜெக்டரோடு வகுப்பு எடுப்பவர்கள் இதில் அடிக்கடி மாட்டிக்கொள்வார்கள்.

இதே கதை ஸ்பீக்கர் இல்லாத ஆபீஸ் மானிட்டர்களிலும் உண்டு. பின்பக்கத்தில் ஒரு ஹெட்ஃபோன் துளை இருந்தால் போதும், மானிட்டர் தனக்கு ஒலி வரும் என்று சீட்டில் எழுதிவிடும். மானிட்டரைச் சொருகிய நிமிடம் லேப்டாப்பின் ஒலி அதற்குள் போய் அடங்கிவிடும். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஓஎம்ஆர் ஐடிக்காரர்களிடம் நான் அதிகம் கேட்ட புகார் இதுதான்: "மானிட்டர் வாங்கின நாளிலிருந்து மீட்டிங்கில் யார் பேசுவதும் கேட்கவில்லை." அதில் பழுது எதுவும் இல்லை. ஒலி வெளியேறும் இடத்தை லேப்டாப் ஸ்பீக்கர் என்று ஒருமுறை மாற்றினால் தீர்ந்தது.

டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் மலிவான அடாப்டர்களில் பெரும்பாலும் சிக்கல் வராது. அந்தத் துளை வழியாக கிராபிக்ஸ் சிப் நேராக எச்டிஎம்ஐ சிக்னலையே அனுப்பிவிடும், அடாப்டருக்கு அதிக வேலை இல்லை. யூஎஸ்பி-சியில் கவனம் தேவை. உங்கள் டாக், அதாவது பல துளைகள் கொண்ட இணைப்புப் பெட்டி, டிஸ்ப்ளேபோர்ட் சிக்னலை அப்படியே கடத்துகிறதா, இல்லை டிஸ்ப்ளேலிங்க் சிப் வைத்து யூஎஸ்பி வழியாகப் படத்தை அனுப்புகிறதா என்று பாருங்கள். இரண்டாவது வகையில் ஒலி ஒரு யூஎஸ்பி ஒலிச் சாதனமாகத்தான் வரும். நான் மேலே சொன்ன இஎல்டி எதுவும் அங்கே பொருந்தாது, எச்டிஎம்ஐ என்ற பெயரைத் தேடினால் கிடைக்காது.

கேபிளே பழுதாகும்போது ஒரு அடையாளம் உண்டு. படம் வரும், ஆனால் திரை 1024-க்கு 768 என்று சுருங்கியிருக்கும், மானிட்டரின் பெயர் செட்டிங்ஸில் தெரியாது, சத்தமும் இருக்காது. 15, 16 ஊசிகள் தொடர்பை இழந்து சீட்டைப் படிக்க முடியாமல் போனதன் விளைவு. படத்துக்கான ஊசிகள் வேறு என்பதால் படம் மட்டும் தப்பிவிடுகிறது. பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பக்கம் உப்புக் காற்றில் வருடக்கணக்காக டிவிக்குப் பின்னால் கிடக்கும் கேபிள்களில் இதைப் பார்த்திருக்கிறேன். சத்தம் போனதோடு படமும் சிறுத்துப்போயிருந்தால் மென்பொருளைத் தொடுவதற்கு முன் வேறு கேபிளைப் போட்டுப் பாருங்கள்.

கரண்ட் போய் வருவதும் ஒரு காரணம். லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும், டிவி அணைந்துவிடும். 19-வது ஊசியின் அடையாளம் போனதும் பைப்வயர் ஒலியை லேப்டாப் ஸ்பீக்கருக்கு மாற்றிவிடும். கரண்ட் வந்து டிவி எழுந்த பிறகு சில சமயம் திரும்ப மாறாது. கேபிளை ஒருமுறை கழற்றிச் சொருகினால் சீட்டு புதிதாகப் படிக்கப்படும். அதற்கும் மசியவில்லையென்றால் அமைப்பைக் கையால் மாற்ற வேண்டும்.

அந்த 'அமைப்பு' எது என்பதுதான் மேல்தட்டில் பலரும் தடுக்கி விழும் இடம். ஆறாம் தலைமுறையிலிருந்து பெரும்பாலான இன்டெல் லேப்டாப்புகளில் ஸ்பீக்கரும் எச்டிஎம்ஐயும் ஒரே ஒலி கார்டுக்குள் இருக்கின்றன. பல்ஸ் ஆடியோ ஒரு கார்டுக்கு ஒரு நேரத்தில் ஒரு ப்ரொஃபைலை, அதாவது ஒலி எந்த வழியில் போக வேண்டும் என்ற ஒரு தேர்வைத்தான் வைக்கும். அந்தப் பழக்கம் பைப்வயரிலும் தொடர்கிறது. ப்ரொஃபைல் அனலாக் ஸ்டீரியோ என்று இருக்கும்வரை எச்டிஎம்ஐ பட்டியலுக்கே வராது. பல்ஸ் ஆடியோ வால்யூம் கண்ட்ரோல் என்ற சிறு நிரலைத் திறந்து, கடைசிப் பக்கமான கான்ஃபிகரேஷனுக்குப் போனால் ப்ரொஃபைலை மாற்றலாம். அங்கே எச்டிஎம்ஐ ஒன்று, இரண்டு, மூன்று என்று பல இருக்கும். முதலாவதைத் தேர்ந்தெடுத்துவிட்டு 'வேலை செய்யவில்லை' என்று விட்டுவிடுகிறார்கள். டிவி இரண்டாவதில் இருக்கலாம். எது சொருகப்படவில்லை என்பது பக்கத்திலேயே எழுதியிருக்கும், நிதானமாகப் படிக்க வேண்டும்.

பட்டியலில் 'டம்மி அவுட்புட்' மட்டும் இருந்தால் கதை வேறு. அண்மைய இன்டெல் லேப்டாப்புகளில் மைக் நேராகச் சிப்செட்டோடு இணைந்திருப்பதால் ஒலி முழுவதும் டிஎஸ்பி என்ற ஒரு சிறு ஒலிச் செயலி வழியாகப் போகிறது. அதற்கு சவுண்ட் ஓபன் ஃபர்ம்வேர் வேண்டும். டெபியன் என்ற லினக்ஸ் வகையின் குடும்பத்தில் அது தனித் தொகுப்பு. அது இல்லாவிட்டால் ஸ்பீக்கரோடு எச்டிஎம்ஐயும் காணாமல் போகும். என்விடியா சிப் உள்ள சில லேப்டாப்புகளில் கேபிள் இல்லாமல் துவக்கினால் கிராபிக்ஸ் சிப்பின் ஒலிப் பகுதியைப் பயாஸ் மறைத்துவிடும். 2019-ல் வந்த 5.3 கெர்னலில் அதை வலுக்கட்டாயமாக எழுப்பும் திருத்தம் சேர்ந்தது.

இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகள் ஒன்றுக்கொன்று முட்டிக்கொள்வதற்குக் காரணம், அவை எழுதப்பட்ட காலம். ஏஎம்டியின் பழைய ரேடியான் கிராபிக்ஸ் கார்டுகளுக்கு 'துவக்க வரியில் ஆடியோவை 1 ஆக்கு' என்று சொன்னது ஒரு காலத்தில் சரிதான், அப்போது அது அணைத்தே வைக்கப்பட்டிருந்தது. 2014 ஜனவரியில் வந்த 3.13 கெர்னலிலிருந்து அது தானாகவே இயங்குகிறது. ஏஎம்டியின் புதிய கார்டுகள் சிலவற்றில் எச்டிஎம்ஐ ஒலி வந்ததே 2018 ஜனவரியில், 4.15 கெர்னலில் புதிய டிஸ்ப்ளே நிரல் சேர்ந்த பிறகுதான். லினக்ஸ் வகைகளில் 2021-ல் ஃபெடோரா 34 பல்ஸ் ஆடியோவை விட்டுப் பைப்வயருக்கு மாறியது, அடுத்த வருடம் உபுண்டு 22.10, பிறகு மின்ட் 22. பல்ஸ் ஆடியோ கோப்பில் ஒரு வரி சேர்க்கச் சொல்லும் பழைய குறிப்பைப் பைப்வயர் ஓடும் கம்ப்யூட்டரில் செய்தால் எந்தப் பயனும் இருக்காது, யாரும் எச்சரிக்கவும் மாட்டார்கள். எனவே ஒரு குறிப்பைப் பின்பற்றும் முன் அதன் தேதியைப் பாருங்கள், உங்கள் கெர்னல் பதிப்பையும் பாருங்கள்.

தமிழ்நாட்டில் இது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்புகளில் பாஸ் லினக்ஸ் இருந்தது. டெபியனை அடிப்படையாக வைத்து, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய இயங்குதளம் அது. பலருக்கு லினக்ஸ் அறிமுகமானது அந்த வழியில்தான். பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு டிவியோடு இணைப்பது இங்கே செலவில்லாத நல்ல ஏற்பாடு. சத்தம் வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அதைக் கைவிட்டு, இன்னொரு பெட்டி வாங்கியவர்களை எனக்குத் தெரியும். பத்து நிமிட வேலை அது.

எல்லாம் சரியாக இருந்தும் சத்தம் வராத இடம் இன்னும் ஒன்று. சினிமா பார்க்கும் நிரலில் பாஸ்த்ரூ என்ற அமைப்பை யாராவது போட்டிருந்தால், டால்பி ஒலி பிரிக்கப்படாமல் அப்படியே டிவிக்குப் போகும். அந்த வகையைப் பிரிக்கத் தெரியாத டிவி மௌனமாகிவிடும். பாட்டு கேட்கிறது, சில படங்களில் மட்டும் சத்தம் இல்லை என்றால் இதை அணைத்துப் பாருங்கள். டிவியின் பக்கத்திலும் சிலவற்றில் அந்த எச்டிஎம்ஐ துளைக்கு டிவிஐ என்றோ பிசி என்றோ பெயர் வைத்திருந்தால், ஒலி வேறு ஒயரில் வரும் என்று அது காத்திருக்கும்.

பெரியப்பா இரண்டு நாள் கழித்து மறுபடி போன் செய்தார். சத்தம் நன்றாக வருகிறதாம், ஆனால் நிறுத்திவிட்டுத் திரும்ப ஓடவிட்டால் ஆரம்பம் விழுங்கப்படுகிறதாம். அவருக்கு ஒரு பிடியைத் திரும்பத் திரும்பக் கேட்கும் பழக்கம் உண்டு. நிறுத்துவார், பின்னால் இழுப்பார், ஓடவிடுவார். "முதல் எழுத்தே காதுல விழல. 'சரசிஜ'ன்னு ஆரம்பிச்சா 'சிஜ'ன்னுதான் கேக்குது" என்றார்.

இதற்கும் காரணம் அந்த இடைவெளிப் பொட்டலங்கள்தான். ஐந்து வினாடி சத்தம் இல்லையென்றால் வயர்பிளம்பர், அதாவது பைப்வயரை மேய்க்கும் நிரல், ஒலிச் சாதனத்தை மூடிவிடும். கேபிளில் ஒலிப் பொட்டலங்கள் நின்றுபோகும். திரும்ப ஓடவிட்டால், டிவி துடிப்பைக் கணக்கிட்டு, நிலையாகிவிட்டதா என்று பார்த்து, பிறகுதான் தன் ஸ்பீக்கரைத் திறக்கும். அந்த அரை வினாடியோ ஒரு வினாடியோ போனது போனதுதான். தீர்வு, சாதனத்தை மூடவே விடாமல் செய்வது. வயர்பிளம்பரின் அமைப்பில் எச்டிஎம்ஐ சாதனத்துக்குத் தூங்கப்போகும் நேரத்தைச் சுழியம் என்று எழுத வேண்டும். 2024-ல் வந்த 0.5 பதிப்பிலிருந்து அந்த அமைப்புக் கோப்பின் எழுத்து முறையே மாறிவிட்டது, அதனால் உங்களிடம் எந்தப் பதிப்பு என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். கெர்னலின் எச்டிஏ ஒலி டிரைவருக்கும் மின்சேமிப்பு என்று ஒரு அமைப்பு உண்டு, அதையும் சுழியமாக்கினேன். மின்சாரம் கொஞ்சம் கூடப் போகும். டிவியோடு இணைத்தே கிடக்கும் லேப்டாப்புக்கு அது ஒரு பொருட்டில்லை.

போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டே பெரியப்பா நிறுத்தி ஓடவிட்டுப் பார்த்தார். மூன்றாவது முறை எனக்கே இங்கே கேட்டது, முழுதாக, 'ச'வில் தொடங்கி.